ஐஸ் கடிக்கிற சத்தம்

அம்மிணி, கோச்சுக்காதீங்க. ஜூஸக் குடிங்க, வேண்டாங்கல. அந்த ஐஸ மட்டும் பல்லுல வச்சுக் கடிக்காதீங்க. கறுக்கு கறுக்குன்னு அந்தச் சத்தம் காதுல உழுந்தா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது.  பஸ்ஸு எரையற சத்தங்கூட எனக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. இதுதான் ஆகாது.

தாராபுரமா போறீங்க? நானும் அங்கதான். காங்கேயத்துல ஏறுனேன். என் பேரு துளசிமணி. எங்கூட்டுக்காரரு ரைஸ் மில்லுல மேஸ்திரியா இருக்காரு. ஒரே பையன், கௌரிசங்கர், மஸ்கட்டுல ஏசி ரிப்பேர் வேலை. மருமக இந்துஜா. உங்க வயசுதான் இருக்கும். நல்ல புள்ளைங்க. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. எப்பக் கேட்டாலும், "சரிங்க அத்தை, சரிங்க அத்தை"தான். அவளப் பாக்கத்தான் போறேன்.

பயமா இருக்குதுங்க. சொல்றேன், கேளுங்க. சொன்னா கொஞ்சம் பாரம் கொறையும்.

அவ மாசமானப்பத் தொடங்குச்சுங்க இது. பையன் லீவு முடிஞ்சு மஸ்கட்டு திரும்பிட்டான். இவ மாங்கா கேப்பா, புளி கேப்பா, சாம்பலு கேப்பான்னு பாத்துட்டு இருக்கறேன், இவ கேட்டது ஐஸு. முதல்ல பிரிட்ஜுல ட்ரேயில ஊத்தி வச்சத எடுத்துத் தின்னா. சரி, வெயிலு, காங்கேயம் வெயிலு உங்களுக்குத் தெரியாததா, தின்னுட்டுப் போகட்டும்னு விட்டேன். அப்பறம் ட்ரே பத்தல. உறையறதுக்குள்ள அவளுக்குப் பொறுக்கல. ஒரு மத்தியானம் சமையக்கட்டுல என்னவோ சொறண்டற சத்தம். எலின்னு நெனச்சு வெளக்கமாத்த எடுத்துட்டுப் போறேன், பிரிட்ஜு மேல் கதவத் தெறந்து வச்சுக்கிட்டு, கரண்டிக் காம்புல உள்ளாற சுவத்துல படிஞ்சிருக்கற பனியச் சொறண்டி வாயில போட்டுட்டு நிக்கறா. என்னயக் கண்டதும் மறைக்கக்கூட இல்லீங்க. கண்ணு எங்கயோ இருக்குது. கறுக்கு கறுக்குன்னு வாயி மட்டும் அசையுது.

கையில இருந்த வெளக்கமாத்தக் கீழ போட்டுட்டேன்.

ஏன்னா, எங்க அக்கா ஒருத்தி இருந்தா. மரகதம்னு பேரு. அவளும் இப்படித்தாங்க, ஆனா ஐஸு இல்ல, மண்ணு. மாசமா இருக்கறப்ப மண் சுவத்த நகத்துல பேத்துப் பேத்துத் திம்பா. யாரும் பாக்காதப்ப மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி போயி நிப்பா. எங்கம்மா அடிச்சும் பாத்தாங்க, மந்திரிச்சும் பாத்தாங்க. அந்தக் கொட்டாயில வச்சுப் பாத்த பிரசவத்துல ரத்தம் நிக்காம அவ போயிட்டா. கொழந்தையும் தங்கல. அந்தக் கண்ணு எனக்கு மறக்கல. எங்கயோ பாக்கற கண்ணு. அதே கண்ண எங்கூட்டுச் சமையக்கட்டுல பாத்தா எப்படி இருக்கும், சொல்லுங்க.

இத நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. சொன்னா அது நெசமாயிரும்னு ஒரு பயம். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கயிறு கட்டிட்டு வந்தேன். அவ கயித்தக் கட்டிக்கிட்டு, திரும்பி வர்ற வழியில, "அத்தை, அந்தக் கடையில ஐஸ் கெடைக்குமா?"ன்னா. மீன் கடைங்க அது. மீனுக்குப் போடற ஐஸு.

அப்பறம் ஒரு நா கரண்டி பத்தாம கத்தியில சொறண்டியிருக்கா. புஸ்ஸுன்னு கேஸு போயி பிரிட்ஜே போச்சு. இவ போன்ல புருசங்கிட்ட அழுதிருக்கா. அவன் என்ன பண்ணுனான், லீவுல வர்ற கூட்டாளிகிட்ட ஒரு மிஷினக் குடுத்து விட்டுட்டான். வீட்டுல வச்சு ஐஸு போடற மிஷினு. நீங்க பாத்திருக்கறீங்களா? பெரிய குக்கர் ஒசரம் இருக்கும். மேல மூடியத் தொறந்து தண்ணி ஊத்தணும், வயரச் சொருகணும், கொஞ்ச நேரத்துல விரல் கனத்துக்கு, நடுவுல ஓட்டை வச்ச மாதிரி ஐஸு கடகடன்னு உள்ளாற கூடையில உழும். கூடை ரொம்புனா செவப்பு லைட்டு எரியும். முதல் தடவ அந்தக் கடகடச் சத்தத்துக்கு நான் கத்திட்டேனுங்க. எங்கூட்டுக்காரரு சிரிச்சாரு.

பையன் வீடியோல வந்து எல்லாஞ் சொல்லிக் குடுத்தான். "அம்மா, வந்ததும் போட்றாத, ஒரு நா நிமுத்தி வெச்சு அப்படியே விட்டுரு. சாய்ச்சுட்டு உடனே போட்டா மோட்டாரு போயிரும். முதல்ல உழுகற ஐஸத் தின்னக் கூடாது, கொட்டிரு. போர் தண்ணி ஊத்தாத, உப்புப் படிஞ்சுக்கும், கேன் தண்ணிதான் ஊத்தணும். ராத்திரி தண்ணிய உள்ளாற நிக்க விடாத, அடியில ஒரு ரப்பர் மூடி இருக்குது, அதப் புடுங்கி வடிச்சுரு. வாரத்துக்கு ஒருக்கா எலுமிச்சம்பழம் புழிஞ்ச தண்ணி ஊத்தி ஓட்டு, அப்பறம் வெறுந்தண்ணி ஊத்தி ஓட்டு. மூடியத் தொறந்து வெச்சுக் காய விடு." அப்பப்பா, ஒரு கொழந்தைக்குக்கூட இத்தன பக்குவம் சொல்ல மாட்டாங்க.

ஆனா நான் அப்படியே செஞ்சேனுங்க. ஒரு நா பெசகல. ஷாக் அடிக்கும்னு பயந்து ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் அது பக்கத்துலயே போவேன். அடியில பலகை போட்டு வச்சேன். இந்துஜாவத் தொட விட மாட்டேன். "நீ தள்ளி நில்லு கண்ணு, நான் எடுத்துத் தர்றேன்"னு சொம்புல அள்ளிக் குடுப்பேன். அவ வாங்கிட்டுப் போயி ரூமுல உக்காந்து கடிப்பா. நான் இந்தப் பக்கம் அரிசி பொடச்சுக்கிட்டு அந்தச் சத்தத்தக் கேட்டுட்டே இருப்பேன். அது நிக்கற வரைக்கும் எனக்கு மூச்சு சரியா வராது.

நடுவுல எங்க நாத்தனா பொண்ணு கல்யாணம், ஈரோட்டுல. நானும் எங்கூட்டுக்காரரும் போயி நாலு நாளு இருந்தோம். அவளக் கூட்டிட்டுப் போகலீங்க. மாசமா இருக்கறவ, கண்ணு பட்டுரும். வீட்டப் பாத்துக்கவும் ஆளு வேணுமில்ல? திரும்பி வந்து மிஷினு மூடியத் தொறக்கறேன், ஒரு வாடை. விரல உட்டுப் பாத்தா உள்ளாற வழவழன்னு இருக்குது, ஓரத்துல ரோஸ் கலர்ல பாசி. நான் வடிக்கச் சொல்லாமப் போயிட்டேன், தண்ணி அப்படியே நின்னிருக்குது. அதுலதான் நாலு நாளும் இவ ஐஸு போட்டுத் தின்னுருக்கா.

அந்த இடத்துலயே உக்காந்துட்டேன். வயித்துல இருக்கறதுக்கு என்னாகும்? அப்ப இவ மொகத்தப் பாக்கறேன், வெளுத்துப் போயி, ஒதடெல்லாம் வெள்ளையா. மாடிப்படி ஏறி வந்தா நாலு வார்த்தை பேசறதுக்குள்ள மூச்சு வாங்குது. இந்தப் பாசிதான் ஒடம்புக்குள்ள போயிருச்சுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

அதுக்கு முன்னாடியும் வெளுப்புத்தான், இல்லங்கல. ஆனா வந்த ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம், "மாசமானதும் உன் மருமக நல்ல கலராயிட்டா"ன்னு சொன்னாங்க. எனக்கும் பெருமையா இருந்துச்சு.

அதுலருந்து தினமும் கழுவுவேன். வாரத்துக்கு ஒருக்காங்கறதெல்லாம் போச்சு. எலுமிச்சம்பழம் ஊத்தி ஓட்டு, வெறுந்தண்ணி ஊத்தி ஓட்டு, வெள்ளத் துணியில தொட, வெயில்ல காய வையி. கூடையத் தனியாக் கழட்டி வெந்நித் தண்ணியில அலசுவேன். கழுவிட்டு மோந்து பாப்பேன். மறுபடி கழுவுவேன். காத்தால எந்திரிச்சா அதுதான் வேலை. அந்தப் பாசி திரும்பி வந்துருமோ, வந்துருமோன்னு கண்ண மூடுனாலும் ரோஸ் கலரா ஓடும். எங்கூட்டுக்காரரு, "அந்த மிஷினுக்குப் பண்ற சேவகத்த எனக்குப் பண்ணியிருந்தா நான் நூறு வருசம் இருப்பேன்"னாரு. அவருக்கென்னங்க, பயமில்லாத மனுசன்.

சாப்பாடா? நல்லாத்தாங்க சாப்பிட்டா. எங்கூட்டுல என்ன கொறை? எங்கூட்டுக்காரரு சாப்பிட்டு, நான் சாப்பிட்டு, அப்பறம் அவ சாப்பிடுவா. எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே. கறி எடுத்தா ஈரல எங்கூட்டுக்காரருக்கு வைப்பேன், மில்லுல உழைக்கறவரு. இவளுக்கு நல்ல கெட்டியா சாறு ஊத்திக் குடுத்துருவேன். அவ, "போதுங்க அத்தை"ம்பா. ஐஸ வாயில போட்டுட்டே இருந்தா பசி எங்கருந்து வரும், நீங்களே சொல்லுங்க.

நர்ஸம்மா வீட்டுக்கே வந்து சத்து மாத்திரை குடுத்துட்டுப் போவாங்க. அதத் தின்னா கொழந்த கருப்பாப் பொறக்கும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. எதுக்கு வம்புன்னு நான் வாங்கி மேல் அலமாரியில வச்சுருவேன். தூக்கிப் போடலீங்க. குடுத்த பொருளத் தூக்கிப் போடற பழக்கம் எனக்கில்ல.

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க? காத்து வேணுமா? தொறந்துக்குங்க. சரி, கேளுங்க.

ஒரு நா முற்பகல். சுவத்துல இருந்து பிளக்கப் புடுங்கிட்டு, மிஷின வாஷ்பேசன் ஓரத்துல வச்சு வடிச்சுட்டு இருக்கறேன். இந்துஜா வந்து நெலைப்படியப் புடிச்சுக்கிட்டு நின்னா. "அத்தை, கொஞ்சம் ஐஸு"ன்னா. "இரு கண்ணு, கழுவிட்டுத் தர்றேன், அழுக்கு"ன்னேன். நின்னா. நான் கழுவறேன். "அத்தை"ன்னா மறுபடி. "வந்துட்டேன் வந்துட்டேன்"னேன், திரும்பிப் பாக்கல. தொப்புன்னு ஒரு சத்தம்.

திரும்பிப் பாத்தா கீழ கெடக்கறா. கையி ஈரம். மிஷினு வயரு தரையில, அவ கால் பக்கத்துல ஓடுது. எனக்கு என்ன தோணுச்சு? ஷாக்கு! கரண்டு அடிச்சிருச்சு! தொட்டா எனக்கும் அடிக்கும். தொடக் கூடாது, மரக்கட்டையில தட்டி விடணும்னு சொல்லுவாங்கல்ல. ஐயோ ஐயோன்னு கத்திக்கிட்டு கட்டையத் தேடறேன். கொல்லைக்கு ஓடறேன், உள்ள ஓடி வர்றேன், ஒரு கட்டை ஆப்புடல. அவ கெடக்கறா. வயித்துல கொழந்தையோட கெடக்கறா, நான் தொடாம நிக்கறேன். பக்கத்து வீட்டு ஜமீலா, தையல் தைக்கற பொண்ணு, சத்தங் கேட்டு ஓடி வந்தா. "தொடாதே ஜமீலா, கரண்டு!"ன்னு கத்தறேன். அவ ஒரு நிமிசம் என்னயப் பாத்தா. "அக்கா, பிளக்கு உங்க கையிலதானே இருக்கு!"ன்னா.

பாத்தேன். என் கையிலதாங்க இருந்துச்சு. அத்தன நேரமும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டே ஓடியிருக்கறேன். மிஷினும் வாஷ்பேசன்ல இருந்து உழுந்து, நான் ஓடுன பக்கமெல்லாம் பின்னாடியே இழுபட்டு வந்திருக்குது.

ஜமீலாதான் தூக்குனா, தண்ணி தெளிச்சா, ஆட்டோவக் கூப்புட்டா. ஆட்டோவுல என் மடியில தல. மூச்சு இருக்குதான்னு மூக்குகிட்ட விரல வச்சுக்கிட்டே போனேன். அந்த விரல எடுக்கவே பயம். எடுத்தா நின்னுருமோன்னு.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன டாக்டரம்மா. கீழ் இமைய இழுத்துப் பாத்தாங்க. நகத்த அமுக்கிப் பாத்தாங்க. அவங்க மொகம் மாறுச்சுங்க. நான் முந்திக்கிட்டு, "டாக்டரம்மா, ஐஸ் மிஷினுல பாசி இருந்துச்சு, அதத் தின்னுட்டா, அந்த விஷந்தான்"ன்னேன். அவங்க என்னப் பாக்கல. அவகிட்டக் குனிஞ்சு, "ஐஸ் திங்கணும் திங்கணும்னு தோணுதாம்மா? நிறுத்த முடியலையா?"ன்னு கேட்டாங்க. இந்துஜா தலையாட்டுனா. கண்ணுல தண்ணி ஓடுது. அதுவரைக்கும் அவகிட்ட அப்படி யாரும் கேட்டதில்ல போல.

"பாசி இல்லம்மா"ன்னாங்க டாக்டரம்மா எங்கிட்ட. "இந்தப் பொண்ணுக்கு ரத்தமே இல்ல. இரும்புச் சத்து இவ்வளவு கொறைஞ்சா செலபேருக்கு இந்த மாதிரி ஆசை வரும். ஒருத்தர் ஐஸ் திம்பாங்க, ஒருத்தர் பச்சரிசி திம்பாங்க, சாக்பீஸ் திம்பாங்க. மண்ணு திங்கறவங்களும் உண்டு."

மண்ணு.

 பெஞ்சுல உக்காந்துட்டேன். எங்க மரகதத்துக்குப் பேயுமில்ல, ஒண்ணுமில்ல. ரத்தம் இல்லாமக் கெடந்திருக்கா. அடிச்சாங்களே அவள, அதுக்காக அடிச்சாங்களே. அப்ப இவளும்? இவளும் அப்படியே போயிருவாளா? பிரசவத்துல ரத்தம் நிக்காட்டி, ஒடம்புல இருந்தாத்தானே ஊறும்?

டாக்டரம்மா கேட்டாங்க, "மாத்திரை குடுத்தாங்களே, சாப்பிட்டியா?"ன்னு. இந்துஜா என்னயப் பாத்தா.  அப்பறம், "மறந்துட்டேன் டாக்டர்"னா. நல்ல திட்டு வாங்குனா பாவம். எதுக்கு அப்படி என்னயப் பாத்தாளோ. எனக்கு அது இன்னும் வெளங்கல.

ரத்தம் ஏத்துனாங்க. செவப்பா ட்யூப்புல எறங்குது, நான் அதையே பாத்துட்டு உக்காந்திருக்கறேன். மறுநா நான் என்ன பண்ணுனேன், வீட்டுக்கு ஓடி, மிஷின நல்லாக் கழுவி, புதுக் கேன் தண்ணி ஊத்தி, ஐஸு போட்டு ப்ளாஸ்க்கு நெறயா எடுத்துட்டுப் போனேன். ஆசையா இருப்பாள்ல. தொறந்து நீட்டுனேன். அவ மொகத்தச் சுளிச்சுத் திருப்பிக்கிட்டா. "வேண்டாங்க அத்தை, பாத்தாலே பல்லு கூசுது"ன்னா. அத்தன மாசம் உசுரா இருந்த ஐஸு. ரத்தம் உள்ள போனதும் அந்த ஆசை போயிருச்சு. ப்ளாஸ்க்க வச்சுக்கிட்டு நின்னேனுங்க. மூடி போடாமயே வச்சுட்டேன், சாயங்காலத்துக்குள்ள எல்லாம் உருகிப் போச்சு.

ஊசி போட்டாங்க, மாத்திரை குடுத்தாங்க. நாங்களும் கீரை, ஈரலு, பேரீச்சம்பழம்னு குடுத்தோம். அவங்க அம்மா தாராபுரத்துல இருந்து வந்து பக்கத்துலயே உக்காந்து ஊட்டி விட்டாங்க. அந்தம்மா எங்கூடப் பேசலீங்க. ஏன்னு கேக்கவும் எனக்குத் தைரியமில்ல.

நாள் நெருங்கி இந்துஜாவுக்கு வலி வந்துச்சு. ரத்தம் போகத்தான் செஞ்சுது. நர்ஸுக கதவத் தொறந்துட்டு ஓடறாங்க, ஓடி வர்றாங்க, மறுபடி ரத்தம் வேணும்கறாங்க. எனக்கு அந்த வராண்டாவே எங்கூர் மாட்டுக் கொட்டாயா மாறிப் போச்சு. மரகதம் கத்துன சத்தம் கேக்குது. மரகதம் மரகதம்னு நான் வாய் விட்டுச் சொல்லிட்டு இருந்திருக்கறேன். இந்துஜா அம்மா, அத்தன நாளு பேசாதவங்க, "யாருங்க அது?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். முதல் தடவையா வாயத் தொறந்து ஒருத்தர்கிட்டச் சொன்னேன்.  அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. கதவு தொறக்கற வரைக்கும் விடல.

நின்னுருச்சுங்க ரத்தம். பொழச்சுக்கிட்டா. பொம்பளப் புள்ள. எடை கொஞ்சம் கம்மி, ஆனா சத்தம் ஊரக் கூட்டுது.

ஆஸ்பத்திரியில இருந்து நேரா அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வழக்கந்தானே. ஆனா மாசம் மூணாகுது, வர்றேங்கல. பையன் கேட்டா, "வருவாம்மா, விடு"ங்கறான். அவனும் முன்ன மாதிரி பேசறதில்ல. நான் ரெண்டு தடவ தாராபுரம் வரைக்கும் போனேனுங்க. போயி, பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயக் குடிச்சுட்டு, திரும்பற பஸ்ஸுல ஏறி வந்துட்டேன். அந்தத் தெருவுக்குள்ள கால் போகல. என்ன பயம்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. கரண்டுக்குப் பயந்தேன், பாசிக்குப் பயந்தேன், ரத்தத்துக்குப் பயந்தேன். இது அதெல்லாத்தையும் விடப் பெருசா இருக்குது.

இன்னைக்குக் காத்தால அவளே போன் பண்ணுனா. முதல் தடவையா. "அத்தை, வாங்க. உங்ககிட்டப் பேசணும்"னா. அவ்வளவுதான், வச்சுட்டா. பேசணும்னா என்னங்க பேசணும்? இத்தன வருசத்துல "சரிங்க அத்தை"ய விட்டு வேற எதும் பேசாத புள்ள அது. உங்க வயசுதானே அவளுக்கு, நீங்க சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன பேசுவீங்க?

 நான் இத்தன சொல்லிட்டேன். நான் செஞ்சதுல ஏதாச்சும் கொறை இருந்துச்சா?

என்ன? சத்தமாச் சொல்லுங்க அம்மிணி, வண்டிச் சத்தம்.

கேட்டுக்கணுமா? அவ சொல்றதக் கேட்டுக்கணும். சரி. நடுவுல பேசக் கூடாதா? "நான் உனக்காகத்தானே"ன்னுகூடச் சொல்லக் கூடாதா? ஒண்ணுமே சொல்லக் கூடாதா, அவ முடிக்கற வரைக்கும்?

அது எனக்கு வராதேங்க.

இந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. நீங்க முன்னாடி எறங்குங்க. எனக்குக் காலு கொஞ்சம் மரத்துக் கெடக்குது. அந்தப் பையக் கொஞ்சம் புடிங்க, கொழந்தைக்குத் துணி இருக்குது. இல்லீங்க, டீயெல்லாம் வேண்டாம். இன்னைக்குக் குடிக்கல. நேராப் போறேன்.

வாய மூடிக்கிட்டு உக்காந்து பாக்கறேன்.